பழைய டிவி தொடர்கள் முதன்முதலில் ஒளிபரப்பான நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள், விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுபவர்கள், "இந்த நாளில் அன்று" என்று பதிவு போடுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: தொடர் தொடங்கிய தேதி. பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களைப் பற்றிய கேள்விகளே வருவதால் அவற்றுக்கே இங்கே அதிக இடம். இந்தியத் தொடர்கள் பின்பாதியில் வருகின்றன.

ஒரே தொடருக்கு இரண்டு மூன்று தொடக்கத் தேதிகள் கிடைக்கின்றன. எது சரி?

பல நேரங்களில் எல்லாமே சரி. ஒவ்வொருவரும் வேறு வேறு ஒன்றை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். "தி சிம்ப்சன்ஸ்" தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் குடும்பம் திரையில் முதலில் வந்தது 1987 ஏப்ரல் 19. ஆனால் அது நகைச்சுவை நடிகை டிரேசி உல்மனின் நிகழ்ச்சிக்கு நடுவே வந்த குட்டிக் கார்ட்டூன் படம். அரைமணி நேரத் தொடராக முதல் எபிசோட் வந்தது 1989 டிசம்பர் 17, கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியாக. வாராவாரம் ஓடத் தொடங்கியது 1990 ஜனவரி 14. மூன்றும் உண்மையான தேதிகள். தொடரின் தொடக்கம் என்று ஒரே ஒரு தேதிதான் எழுத முடியுமென்றால் 1989 டிசம்பர் 17 எழுதுங்கள். முழு நீள எபிசோட், தொடரின் பெயரிலேயே, பொதுமக்கள் பார்க்க வந்த முதல் நாள் அதுதான்.

இந்த மூன்று நிபந்தனைகளையும் நினைவில் வையுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பைலட் எபிசோடைத் தொடக்கமாகக் கணக்கில் எடுக்கலாமா?

பைலட் என்பது சேனலிடம் காட்டி ஒப்புதல் வாங்க எடுக்கும் மாதிரி எபிசோட். அது ஒளிபரப்பாகியே தீர வேண்டும் என்பதில்லை. "ஐ லவ் லூசி"யின் பைலட் 1951 மார்ச்சில் எடுக்கப்பட்டது. தொடர் அதே ஆண்டு அக்டோபர் 15-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கியது. பைலட்டைப் பொதுமக்கள் பார்த்ததோ 1990-இல். "ஸ்டார் ட்ரெக்"கின் முதல் பைலட்டை என்பிசி சேனல் ஏற்கவில்லை, இரண்டாவது பைலட் எடுக்கச் சொன்னது. அந்த இரண்டாவதும் முதலில் ஒளிபரப்பாகவில்லை, மூன்றாவது வாரம் 1966 செப்டம்பர் 22-இல் வந்தது.

"கொலம்போ"தான் இதில் மிகவும் சிக்கலானது. பீட்டர் ஃபாக் அந்தத் துப்பறிவாளராக நடித்த முதல் தொலைக்காட்சிப் படம் 1968 பிப்ரவரி 20-இல் வந்தது. அப்போது தொடர் எடுக்கும் முடிவே இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 1971 மார்ச் 1-இல் இன்னொரு படம் வந்தது. பைலட் என்று சொல்லத்தக்கது இதுதான். தொடராகத் தொடங்கியது 1971 செப்டம்பர் 15. அந்த எபிசோடை இயக்கியவர் அப்போது இருபதுகளில் இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கேள்வித்தாளில் "கொலம்போ எப்போது தொடங்கியது?" என்று மொட்டையாகக் கேட்டால் மூன்று விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும். "தொடராக" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள்.

முதலில் எடுத்த எபிசோட்தானே முதலில் வரும்?

வராது. "ஐ லவ் லூசி"யில் முதலில் எடுத்த எபிசோட் நான்காவதாக, 1951 நவம்பர் 5-இல் ஒளிபரப்பானது. "ஸ்டார் ட்ரெக்"கில் முதலாவதாக வந்த உப்பு உறிஞ்சும் பிராணியின் கதை, தயாரிப்பு வரிசையில் பல எபிசோடுகளுக்குப் பின்னால் எடுத்தது. "தி சிம்ப்சன்ஸ்"க்கு முதல் எபிசோடாக நினைத்திருந்தது வேறு கதை. அதன் அனிமேஷன் திரும்பி வந்தபோது தரம் சரியில்லாததால் பெரும்பகுதியை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. அதனால்தான் இலையுதிர் காலத்தில் தொடங்கவேண்டிய தொடர் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. திருத்திய அந்த எபிசோட் முதல் சீசனின் கடைசியாக 1990 மே 13-இல் வந்தது.

2002-இல் வந்த "ஃபயர்ஃப்ளை" இதைவிடக் கொடுமை. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேரப் பைலட்டை ஒதுக்கிவைத்து, அடுத்த கதையை ஃபாக்ஸ் செப்டம்பர் 20-இல் முதலில் போட்டது. அறிமுகக் கதை டிசம்பர் 20-இல், தொடரை நிறுத்தும்போது வந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் பார்வையாளர்கள் மூன்று மாதம் பார்த்தார்கள். எடுத்த 14 எபிசோடில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பானது. இதைப் பார்க்க விரும்பினால் டிவிடி வரிசையில் பாருங்கள். ஒளிபரப்பு வரிசை கதையைக் கெடுத்துவிடும். தேதிப் பட்டியலுக்கு மட்டும் ஒளிபரப்பு வரிசையே செல்லும்.

அமெரிக்கத் தொடர்கள் ஏன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்குகின்றன?

வானொலிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். கோடையில் மக்கள் வெளியே போய்விடுவார்கள், ஏசி இல்லாத வீட்டில் மாலையில் அடைந்து கிடக்க மாட்டார்கள். பள்ளி திறந்து, வெயில் தணிந்த பிறகுதான் கூட்டம் வீடு திரும்பும். கூடவே, கார் கம்பெனிகள் அடுத்த ஆண்டின் மாடல்களை இலையுதிர் காலத்தில் இறக்கும். பெரிய விளம்பரதாரர்கள் அவர்களே. புதுக் கார் விளம்பரத்துக்குப் புது நிகழ்ச்சி வேண்டும். இப்படி செப்டம்பர் முதல் மே வரை ஒரு சீசன் என்று நிலைத்துவிட்டது. "ஃப்ரெண்ட்ஸ்" 1994 செப்டம்பர் 22, "லாஸ்ட்" 2004 செப்டம்பர் 22, "மேஷ்" 1972 செப்டம்பர் 17 என்று வரிசையாக வருவது இதனால்தான்.

அப்படியானால் ஜனவரியிலும் ஏப்ரலிலும் தொடங்கிய தொடர்கள்?

செப்டம்பரில் இறக்கியவை ஓடாதபோது அந்த இடத்தை நிரப்ப வந்தவை அவை. மட்டமானவை என்று நினைக்க வேண்டாம். "பேட்மேன்" 1966 ஜனவரி 12, "ஆல் இன் தி ஃபேமிலி" 1971 ஜனவரி 12. இரண்டும் அந்தக் காலத்தையே ஆட்டிவைத்தவை. சேனலுக்கு முழு நம்பிக்கை இல்லாதபோது நாலைந்து எபிசோட் மட்டும் போட்டுப் பார்ப்பதும் உண்டு. "சைன்ஃபெல்ட்" பைலட் 1989 ஜூலை 5-இல் வேறொரு பெயரில் வந்தது. அடுத்த எபிசோட் வர 1990 மே 31 ஆகிவிட்டது. ஏறத்தாழ 11 மாத இடைவெளி.

"டாலஸ்" 1978 ஏப்ரல் 2-இல் ஐந்தே எபிசோடாகத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பர் 23 முதல் முழுத் தொடரானது. அந்த ஐந்தைத் தனி சீசனாக எண்ணுகிறவர்களும் உண்டு, எண்ணாதவர்களும் உண்டு. ஜே.ஆர். என்ற முக்கியப் பாத்திரம் சுடப்படும் புகழ்பெற்ற எபிசோட் (1980 மார்ச் 21) சில இடங்களில் இரண்டாம் சீசன் என்றும் சில இடங்களில் மூன்றாம் சீசன் என்றும் இருப்பதற்கு இதுவே காரணம். சீசன் எண்ணை நம்பாமல் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிந்ததும் வரும் நேரம் இன்னொரு தொடக்க வாசல். "தி வொண்டர் இயர்ஸ்" 1988 ஜனவரி 31, "ஃபேமிலி கை" 1999 ஜனவரி 31. இப்படி வருபவை பெரும்பாலும் ஒரு எபிசோடைக் காட்டிவிட்டு, வாராவார ஓட்டத்தைப் பிறகு தொடங்கும். ஆகவே இரண்டாவது எபிசோடின் தேதியையும் குறித்து வையுங்கள்.

சில ஆண்டுகளில் எல்லாத் தொடர்களுமே தாமதமாகத் தொடங்கியிருக்கின்றனவே?

வேலைநிறுத்தம். 1988-இல் எழுத்தாளர்கள் மார்ச் 7 முதல் ஆகஸ்ட் 7 வரை பேனாவை வைத்துவிட்டார்கள். கோடையில் எழுதி எடுக்க வேண்டிய நேரம் முழுக்கப் போனதால் அந்த ஆண்டு சீசன் அக்டோபருக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்தது. 1980-இல் நடிகர்கள் வேலைநிறுத்தம், ஜே.ஆரைச் சுட்டது யார் என்ற விடைக்கு உலகமே நவம்பர் 21 வரை காத்திருந்தது அதனால்தான். 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை மீண்டும் எழுத்தாளர்கள். 2023-இல் எழுத்தாளர்கள் மே 2-இலும் நடிகர்கள் ஜூலை 14-இலும் இறங்கினார்கள். இந்த ஆண்டுகளில் "செப்டம்பர்" என்று ஒரு தேதி கண்ணில் பட்டால் கூடுதலாக ஒருமுறை சரிபாருங்கள். முன்கூட்டி அறிவித்த தேதியாக இருக்க வாய்ப்புண்டு.

"டாக்டர் ஹூ" முதல் எபிசோட் இரண்டு முறை ஒளிபரப்பானது உண்மையா?

உண்மை. 1963 நவம்பர் 22-இல் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் சனிக்கிழமை மாலை பிபிசியில் "டாக்டர் ஹூ" தொடங்க வேண்டும். 5.15-க்கு அறிவித்த நிகழ்ச்சி 80 விநாடி தாமதமாகத் தொடங்கியது. வீடுகளில் எல்லோர் மனமும் செய்தியில் இருந்தது. போதாக்குறைக்குப் பல பகுதிகளில் மின்வெட்டு. பலர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், அடுத்த சனிக்கிழமை நவம்பர் 30-இல் முதல் எபிசோடை மறுபடியும் போட்டு, அதைத் தொடர்ந்தே இரண்டாவதையும் போட்டார்கள்.

இதே எபிசோடுக்கு இன்னொரு பதிவும் உண்டு. முதலில் எடுத்ததில் பல கோளாறுகள்: விண்கலத்தின் கதவு ஒழுங்காக மூடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பழைய பதிவு 1991 ஆகஸ்ட் 26-இல்தான் ஒளிபரப்பானது. தேதிப் பட்டியலில் 1963 நவம்பர் 23 மட்டுமே தொடக்கம்.

அந்தத் தொடரின் 1960-களைச் சேர்ந்த 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படப்பதிவு இன்று இல்லை. வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தினார்கள். எபிசோட் இல்லாவிட்டாலும் ஒளிபரப்பான தேதி ஆவணத்தில் இருக்கிறது. ஆகவே படம் கிடைக்கவில்லை என்பதற்காகத் தேதியைச் சந்தேகிக்க வேண்டாம்.

1950-களின் தொடர்களுக்கு ஊருக்கு ஊர் தேதி மாறுகிறதே?

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நேரடி ஒளிபரப்பு இணைப்பு 1951 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் நியூயார்க்கில் நேரடியாக நடித்த நிகழ்ச்சியை, டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமரா வைத்துப் படம் பிடித்து, அந்தச் சுருளை மேற்குக் கரைக்கு அனுப்புவார்கள். கினஸ்கோப் என்று பெயர். லாஸ் ஏஞ்சலீஸ் பார்வையாளருக்கு நிகழ்ச்சி பல நாள் கழித்தே போய்ச் சேரும். படமும் மங்கலாக இருக்கும். "ஐ லவ் லூசி" 35 மி.மீ. ஃபிலிமில், மூன்று கேமரா வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டதால்தான் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் காலத் தொடர்களுக்கு நியூயார்க் தேதியைக் கொள்வதே வழக்கம்.

இந்தியத் தளங்களில் தேதி ஒருநாள் தள்ளி இருப்பது ஏன்?

நேர வித்தியாசம். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் கோடைக்கணக்கில் நமக்கு 9.30 மணி நேரம் பின்னால். குளிர்காலக் கணக்கில் 10.30 மணி நேரம். செப்டம்பர் வியாழன் இரவு 8 மணி அங்கே என்றால் நமக்கு வெள்ளி காலை 5.30. "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" 2011 ஏப்ரல் 17 ஞாயிறு இரவு 9 மணிக்கு எச்பிஓவில் வந்தது. நம் கடிகாரத்தில் ஏப்ரல் 18 திங்கள் காலை 6.30. பட்டியலில் எப்போதும் ஒளிபரப்பிய ஊரின் தேதியையே எழுதுங்கள். இலங்கை வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பத்தாண்டுக்கு நம் கணக்கை அப்படியே போட்டால் தவறும்.

இன்னொன்றும் நடக்கும். அண்டை நாட்டுச் சேனல் முந்திக்கொள்ளும். "ஸ்டார் ட்ரெக்" அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8. கனடாவின் சிடிவி அதை இரண்டு நாள் முன்பே, செப்டம்பர் 6-இல் போட்டுவிட்டது. "உலகில் முதல்" என்று எழுதினால் 6, "அமெரிக்காவில் முதல்" என்றால் 8.

சிண்டிகேஷன் தொடர்களுக்கு ஏன் ஒரு நாள் சொல்லாமல் ஒரு வாரம் சொல்கிறார்கள்?

அந்தத் தொடர்களை நாடு முழுக்க ஒளிபரப்பும் பெரிய நெட்வொர்க் வாங்குவதில்லை. ஊர்ச் சேனல்கள் தனித்தனியாக வாங்கித் தங்களுக்கு வசதியான நாளில் போடும். 1987-இல் வந்த "ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்" அப்படித்தான், "செப்டம்பர் 28-இல் தொடங்கிய வாரம்" என்று எழுதுவதே நேர்மை. "பேவாட்ச்" 1989 செப்டம்பர் 22-இல் என்பிசியில் தொடங்கி, ஒரே சீசனில் கைவிடப்பட்டு, 1991 முதல் சிண்டிகேஷனில் உயிர்பெற்றது. அதற்குத் தொடக்கம் 1989தான்.

ஒரு தேதியைச் சரிபார்க்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் எதை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்: பைலட்டா, சிறப்பு முன்காட்சியா, வாராந்தர ஓட்டமா. அடுத்து அந்த நாளின் செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். அமெரிக்காவுக்கு "டிவி கைடு" வார இதழ் 1953 ஏப்ரல் முதல் தேசிய அளவில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஊர்வாரிப் பதிப்புகள் பல. எந்தப் பதிப்பு என்று அட்டையில் பாருங்கள்.

நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே அச்சாவது என்பதை மறக்கக்கூடாது. அதிபர் உரை, பேஸ்பால் ஆட்டம், பெரிய செய்தி ஏதாவது குறுக்கே வந்தால் நிகழ்ச்சி தள்ளிப்போகும், அச்சடித்தது அப்படியே நிற்கும். எனவே மறுநாள் பத்திரிகையில் விமர்சனம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "நேற்றிரவு" என்ற சொல் அதில் இருந்தால் விஷயம் முடிந்தது.

கடைசியாகக் கிழமையைச் சரிபாருங்கள். ஒரு நிமிட வேலை, பிழை பிடிப்பதில் இதற்கு நிகர் இல்லை. கைப்பேசிக் காலண்டரில் பழைய ஆண்டுக்குப் போக முடியாவிட்டால் 28-ஐக் கூட்டுங்கள். 1901 முதல் 2099 வரை காலண்டர் 28 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 1966-க்கு 1994, 2022. 2022 செப்டம்பர் 8 வியாழன், ஆகவே 1966 செப்டம்பர் 8-ம் வியாழன். என்பிசியில் "ஸ்டார் ட்ரெக்" வியாழக்கிழமை நிகழ்ச்சி. பொருந்துகிறது.

அடிக்கடி நேரும் தவறு எது?

9/8/1966. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், அது செப்டம்பர் 8. நம் வழக்கப்படி படித்தால் ஆகஸ்ட் 9 ஆகிவிடும். நாள் எண் 12-க்கு மேல் போனால் பிழை தானே வெளிப்படும். 12-க்குள் இருந்தால் யாரும் கவனிக்காமல் தளத்துக்குத் தளம் பரவும். மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள்.

அடுத்தது, எபிசோட் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலின் அடியில் ரோமன் எண்ணில் வரும் ஆண்டு. அது காப்புரிமை ஆண்டு. ஜனவரியில் ஒளிபரப்பான எபிசோடில் முந்தைய ஆண்டு இருப்பது சர்வசாதாரணம்.

நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றுக்கு?

"ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்" முதல் சீசனின் 13 எபிசோடும் 2013 பிப்ரவரி 1-இல் ஒரே நாளில் வந்தன. இங்கே சீசனின் தொடக்க நாளும் முடிவு நாளும் ஒன்றே. அப்போது இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸ் கிடையாது. 2016 ஜனவரியில்தான் வந்தது.

இந்தியத் தொடர்களுக்கும் இதே முறை செல்லுமா?

கிழமைச் சோதனை அருமையாகச் செல்லும். தூர்தர்ஷனில் "ஹம் லோக்" 1984 ஜூலை 7 சனிக்கிழமை. "ராமாயணம்" 1987 ஜனவரி 25, "மகாபாரதம்" 1988 அக்டோபர் 2, இரண்டும் ஞாயிறு காலை நிகழ்ச்சிகள், இரண்டு தேதிகளும் ஞாயிறே. தமிழ் மெகா சீரியல்கள் வார நாள் ஓட்டம் என்பதால் திங்களன்று தொடங்குவது வழக்கம்: சன் டிவியில் "சித்தி" 1999 டிசம்பர் 20, "கோலங்கள்" 2003 நவம்பர் 24, "சித்தி 2" 2020 ஜனவரி 27. மூன்றும் திங்கள். ஒரு தமிழ் வார நாள் சீரியல் ஞாயிறில் தொடங்கியதாகத் தளத்தில் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

சீசன் என்ற அமெரிக்கக் கணக்கு மட்டும் இங்கே பொருந்தாது. நம் சீரியல் தொடங்கினால் முடியும்வரை ஓடும். தொடங்கும் மாதமும் எதுவாகவும் இருக்கலாம்.

மறுஒளிபரப்புதான் இங்கே பெரிய பள்ளம். ஊரடங்கின்போது "ராமாயணம்" 2020 மார்ச் 28 முதல் மீண்டும் வந்தது. அப்போது முதன்முறை பார்த்த பிள்ளைகளுக்கு அது 2020 தொடர். 90-களில் கேபிள் இழுத்து ஸ்டார் பிளஸ்ஸில் "சாண்டா பார்பரா" பார்த்தவர்களுக்கு அது 90-களின் தொடர்; அமெரிக்காவில் அது தொடங்கியது 1984 ஜூலை 30. "தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்" 1987 மார்ச் 23. பார்த்த நினைவைத் தேதிக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

பழைய தமிழ் நாளிதழ்களின் டிவி நிரலைப் பார்க்கச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம். சட்டப்படி நாளிதழ்களின் பிரதி அங்கே வந்து சேர வேண்டும். வார இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எந்த மாதம் என்று ஓரளவு குறுக்கிக்கொண்டு போனால் ஒரு நாளில் வேலை முடியும். ஆண்டு மட்டும் தெரிந்து போனால் முழுத் தொகுப்பையும் புரட்ட வேண்டியிருக்கும்.

முதல் நாளில் கூட்டம் சேராத தொடர் தோல்விதானே?

"சியர்ஸ்" 1982 செப்டம்பர் 30-இல் தொடங்கியபோது பார்வையாளர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. 1993 வரை 11 சீசன் ஓடியது. சேனல் பொறுமையாக இருந்ததே காரணம்.

ஆண்டு மட்டும் கிடைக்கிறது, நாளும் மாதமும் கிடைக்கவில்லை. என்ன எழுதுவது?

ஆண்டை மட்டும் எழுதுங்கள். கணினிப் பட்டியல்கள் பலவற்றில் தேதிக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. விட்டால் அது தானாக ஜனவரி 1 என்று நிரப்பிக்கொள்ளும். அதை எடுத்து ஒவ்வொரு புத்தாண்டிலும் "இன்று இந்தத் தொடரின் பிறந்தநாள்" என்று பத்துத் தொடர்களுக்கு வாழ்த்துப் போடுகிறார்கள். ஜனவரி 1 என்று எங்கே கண்டாலும் செய்தித்தாள் ஆதாரம் கிடைக்கும்வரை நாளையும் மாதத்தையும் அடித்துவிட்டு ஆண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.